ஒரு சுறாவின் ஆயுளுக்குள் முடிந்துபோன பறவை இனம்

ஓஓ என்று ஒரு பறவை இருந்தது. இரண்டு ஓகாரங்களுக்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் இந்த வகையைச் சேர்ந்தவை நான்கு இருந்தன. நாம் பேசப்போவது கவாய் தீவில் மட்டும் வாழ்ந்த ஓஓவைப் பற்றி. அலகிலிருந்து வால்வரை 20 செ.மீ. நீளம், கறுத்த உடல், தொடையில் மட்டும் பொன்மஞ்சள் இறகுகள். பார்ப்பதற்குக் குட்டையான கால்சட்டை மாட்டியதுபோல இருக்கும். மோஹோ பிராக்காடஸ் என்ற அதன் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல்லுக்குப் பொருளே கால்சட்டை அணிந்தது என்பதுதான். 1987க்குப் பிறகு இந்தப் பறவையின் குரல் எங்கும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சுறா இருக்கிறது. வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக் கடலிலும், உறைநிலைக்குப் பக்கத்தில் நிற்கும் நீரில், இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை இறங்கி வாழ்கிறது. பெயர் கிரீன்லாந்து சுறா. ஐந்து மீட்டர் நீளத்துக்கு மேலும் வளரும். ஆனால் மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் என்ற வேகத்தில்தான் பெரும்பாலும் நகரும். குழந்தையின் நடைக்குக்கூட அது ஈடாகாது.

அழிந்த பறவைக்கும் வாழும் சுறாவுக்கும் என்ன தொடர்பு? உணவால் இல்லை, இடத்தால் இல்லை, நெருங்கிய உறவாலும் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓர் இனம் எப்படி அழிகிறது, எப்படித் தப்பிக்கிறது என்பதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அதன் பெயர் தலைமுறைக் காலம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். அதற்கு முன்னால் இரண்டின் உறவுமுறையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

உறவுமுறை

சுறா பழைய விலங்கு, பறவை புதிய விலங்கு என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சுறாக்களின் வம்சம் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, பறவைகளின் வம்சம் சுமார் 15 கோடி ஆண்டு என்பது சரிதான். ஆனால் இன்று நீந்தும் கிரீன்லாந்து சுறா 40 கோடி ஆண்டுகளாக மாறாமல் அப்படியே இருந்த ஒன்றல்ல. அதுவும் பறவையைப் போலவே இத்தனை காலமும் மாறிக்கொண்டே வந்ததுதான். இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை உண்டு. தாடை உள்ள ஒரு பழங்கால மீன் அது. அங்கிருந்து ஒரு கிளை சுறாக்களுக்கும் திருக்கைகளுக்கும் போனது. மற்றொரு கிளை, எலும்புள்ள மீன்கள், தவளை, பல்லி, பறவை, மனிதன் என்று எல்லோருக்கும் போனது.

இதில் வியப்பான ஒரு விளைவு உண்டு. சுறாவையும் சூரை மீனையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் போலத் தெரியும். இரண்டுக்கும் துடுப்பு, செவுள், கூம்பிய உடல் எல்லாம் உண்டு. ஆனால் வம்சக் கணக்கில் சூரை மீனுக்கு நெருங்கிய உறவு சுறா அல்ல, ஓஓ பறவைதான். சூரையும் பறவையும் எலும்புக் கிளையில் பிறந்தவை. சுறாவின் உடலைத் தாங்குவதோ குருத்தெலும்பு. நம் காதுமடலில் வளைந்துகொடுக்கிறதே, அதே வகைப் பொருள். வெளித்தோற்றம் உறவைக் காட்டாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஓஓவின் கதையிலும் இதே பாடம் உண்டு. வளைந்த அலகு, பூவில் தேன் உறிஞ்சும் நாக்கு ஆகியவற்றைப் பார்த்து, அவை ஆஸ்திரேலியப் பக்கத்துத் தேனுண்ணிப் பறவைகளின் சொந்தம் என்று நூறாண்டுக்கும் மேல் எல்லோரும் எழுதிவந்தார்கள். 2008இல் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய உடல்களிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அது முழுக்கத் தவறு என்று தெரிந்தது. ஓஓக்களும் அவற்றின் உறவான கியோயா என்ற பறவையும் சேர்ந்து ஒரு தனிக் குடும்பம். நான்கு ஓஓ, ஒரு கியோயா, ஆக ஐந்து இனங்கள். அந்த உண்மை தெரியவந்தபோது ஐந்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஓவாஹு தீவின் ஓஓ 1837க்குப் பிறகு இல்லை. ஹவாய் பெருந்தீவின் ஓஓ 1930களோடு போனது. கவாய் ஓஓதான் கடைசி. அண்மை நூற்றாண்டுகளில் ஒரு பறவைக் குடும்பமே மிச்சமில்லாமல் போனது இந்த ஒன்றுதான். அது தனிக் குடும்பம் என்று நமக்குத் தெரிந்ததே அதை இழந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

சுறாவின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்

சாதாரணமாக மீனின் வயதைச் சொல்வது சுலபம். மரத்தின் வளையங்களைப் போல மீனின் காதுக்கல்லிலும் ஆண்டு வளையங்கள் விழும். பல சுறாக்களுக்கு முதுகெலும்பில் அப்படிப்பட்ட வளையங்கள் இருக்கும். கிரீன்லாந்து சுறாவுக்கு அதுவும் கிடையாது. அதன் முதுகுத்தண்டு அவ்வளவு மென்மையானது.

ரொம்ப மெதுவாக வளரும் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அடையாளக் குறி மாட்டிக் கடலில் விட்ட ஒரு சுறா 16 ஆண்டுகள் கழித்து மறுபடி பிடிபட்டது. அளந்து பார்த்தால் இடையில் வளர்ந்திருந்தது வெறும் 8 செ.மீ. அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக வளர்ந்து ஐந்து மீட்டரை எட்ட எத்தனை காலம் ஆகும்? கணக்குப் போட்டவர்கள் தங்கள் விடையைத் தாங்களே நம்பத் தயங்கியிருப்பார்கள்.

சரியான விடை கண்ணிலிருந்து வந்தது. கண்ணின் வில்லையில் நட்டநடுவில் இருக்கும் புரதம் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதன் பிறகு உடல் அதைப் புதுப்பிப்பதே இல்லை. ஆகவே சுறா பிறப்பதற்கு முன் இருந்த கார்பன் அந்த இடத்தில் அப்படியே பத்திரமாக இருக்கும். கார்பனில் கார்பன்-14 என்ற வகை காலப்போக்கில் ஓர் ஒழுங்கான வேகத்தில் சிதைந்து குறையும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் காலம் தெரியும். இன்னொரு உதவியும் கிடைத்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் உலகெங்கும் கார்பன்-14 திடீரென்று கூடியது. அந்தச் சுவடு கண்ணில் இருந்தால் அதற்குப் பிறகு பிறந்த சுறா, இல்லாவிட்டால் முன்னால் பிறந்தது.

28 பெண் சுறாக்களை இப்படிப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கியவை அவை. அணுகுண்டின் சுவடு மிகச் சிறிய சிலவற்றில்தான் இருந்தது. மற்ற எல்லாம் அதற்கு முன்னால் பிறந்தவை. ஐந்து மீட்டரைத் தாண்டிய மிகப் பெரிய சுறாவுக்கு வந்த வயது 392. இந்தக் கணக்கில் முன்பின் 120 ஆண்டுகள்வரை இடைவெளி உண்டு. குறைத்தே எடுத்தாலும் 272க்குக் கீழே வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு ஆயுள் வேறு எதற்கும் தெரியவரவில்லை. பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராவதே சுமார் 150 வயதில் என்றும் அதே ஆய்வு கணித்தது.

இந்த 150 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுறைக் காலம் என்றால் என்ன

ஓர் இனத்தில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களின் சராசரி வயதைத் தலைமுறைக் காலம் என்கிறோம். எளிதாகச் சொன்னால், ஓர் உயிரின் இடத்தை அதன் வாரிசு எடுத்துக்கொள்ள ஆகும் காலம். ஆயுளும் இதுவும் ஒன்றல்ல. எண்பது வயது வாழும் மனிதர்களுக்குத் தலைமுறைக் காலம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்தான். சிறிய பாடும் பறவைகளுக்கு அது சில ஆண்டுகள். கொசுவுக்குச் சில வாரங்கள். கிரீன்லாந்து சுறாவுக்கு 150 ஆண்டுக்குக் குறையாது.

ஏன் இது முக்கியம்? நமக்கு ஒரே ஒரு நாட்காட்டிதான் தெரியும், அது நம்முடையது. 50 ஆண்டு என்றால் எல்லா உயிருக்கும் அது ஒரே அளவு காலம் என்று நினைத்துவிடுகிறோம். ஓஓவுக்கு 50 ஆண்டு என்பது பத்துத் தலைமுறைக்குமேல். சுறாவுக்கோ ஒரு தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் இனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மதிப்பிடும்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கிறது. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை எப்படி மாறியது என்று பார்க்கிறது. சுறாவுக்கு மூன்று தலைமுறை என்றால் 450 ஆண்டுகள். அதாவது இன்றைய சுறாக்களின் நிலையைச் சரியாகச் சொல்ல, பதினாறாம் நூற்றாண்டுக் கடலில் எத்தனை சுறாக்கள் இருந்தன என்று யோசிக்க வேண்டும்!

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிகப் பெரிய சுறாவுக்கு மிகக் குறைந்த வயதான 272ஐயே வைத்துக்கொள்வோம். 1778 ஜனவரியில் கேப்டன் குக்கின் கப்பல்கள் கவாய் தீவின் வைமேயாவில் நங்கூரமிட்டபோது அது பிறந்து முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. அப்போது அது இன்னும் குட்டி. கவாய்க் காடு முழுக்க ஓஓக்கள் பாடிக்கொண்டிருந்தன. ஹவாய்க்கு முதல் கொசு வந்தபோதும் அந்தச் சுறா இனப்பெருக்க வயதை எட்டவில்லை. எட்டியபோது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள் வந்துவிட்டன. அது முதிர்ந்த பெண்ணாக இருண்ட நீரில் நகர்ந்துகொண்டிருந்தபோது, பூமியின் மறுபுறத்தில் மிச்சமிருந்த ஓஓக்கள் தீவுக்குத் தீவு மறைந்துபோயின. கடைசிக் குரல் அடங்கிய 1987இலும் அதே சுறா உயிரோடு இருந்தது. ஒரு குடும்பத்தின் முழு அழிவும் ஓர் உயிரின் ஆயுளுக்குள் அடங்கிவிட்டது.

கொசு ஏறமுடியாத உயரம்

தலைமுறைக் காலம் நீளமானால் இழந்ததை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். அப்படியென்றால் சுறா அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? ஓஓ ஏன் போனது? இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான வழியில் யோசிக்கிறீர்கள் என்று பொருள்.

மனிதர்கள் கப்பலில் வருவதற்கு முன் ஹவாயில் கொசு கிடையாது. 1826இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களிலிருந்து மாவி தீவில் அவை இறங்கியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் வெளியிலிருந்து கொண்டுவந்த பறவைகளோடு பறவை மலேரியாவும் வந்தது. கொசுவே இல்லாத இடத்தில் வளர்ந்த பறவைகளின் உடலுக்கு அந்த நோயை எதிர்க்கத் தெரியவில்லை. ஹவாயின் இன்னொரு பறவையான இஇவியில் செய்த சோதனையில், நோய் தாங்கிய ஒரே ஒரு கொசு கடித்தாலே பத்தில் ஒன்பது பறவைகள் இறந்தன.

தப்பிக்க ஒரே இடம் உயரம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர வெதுவெதுப்பு வேண்டும். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் ஹவாய்ப் பறவைகள் மலைமேல் ஏறின. நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள் பெருந்தீவில் உண்டு. ஆனால் கவாயின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரைத் தொடவில்லை. ஓஓக்கள் கடைசியாக ஒதுங்கிய அலகாய் சதுப்புக்காடு இன்னும் தாழ்வு. கவாயில் ஏறித் தப்பிக்க மலை போதவில்லை. ஓஓவின் முடிவைப் பற்றி ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மற்ற காரணங்களும் இருந்தன. மரப்பொந்தில் கூடு கட்டும் பறவைக்கு எலி பெரிய எதிரி. பன்றிகள் காட்டைக் கிளறி, அந்தக் குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகியது. 1982இல் இவா என்ற சூறாவளி தீவைத் தாக்கியது.

1981இல் கணக்கில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. பெண் பறவை இவா சூறாவளிக்குப் பிறகு காணப்படவில்லை. ஓஓக்கள் ஜோடியாகப் பாடுபவை, ஒன்று பாட மற்றொன்று பதில் கொடுக்கும். ஒலிப்பதிவில் ஆண் பறவை பாடுகிறது. இடையே நிறுத்துகிறது. பதில் வரவேண்டிய இடத்தில் காட்டின் சத்தம் மட்டும் இருக்கிறது. மறுபடி பாடுகிறது.

இங்கே ஓட்டப்பந்தயத்தில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. கொசுவின் கடிகாரம் வாரக்கணக்கில் ஓடியது. பறவையின் கடிகாரம் ஆண்டுக்கணக்கில். மனிதர்கள் கொண்டுவந்த மாற்றங்கள் சில பத்தாண்டுக் கணக்கில் குவிந்தன. ஒரு நோய்க்குப் பழக ஓர் இனத்துக்குப் பல தலைமுறைகள் வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் சில பறவைகளாவது தப்ப வேண்டும். எண்ணிக்கை நிறைய இருந்தால் அது நடக்கும். பெருந்தீவின் தாழ்வான காடுகளில் அமாகிஹி என்ற பறவை அப்படித்தான் மலேரியாவைத் தாங்கும் திறனைப் பெற்றிருக்கிறது. ஓஓவுக்கு அத்தனை தலைமுறைகளும் கிடைக்கவில்லை, அத்தனை உயிர்களும் மிச்சமிருக்கவில்லை. அதனால் தலைமுறைக் காலத்தைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஆபத்து வரும் வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள்.

சுறா இன்னும் இருக்கிறது என்பதன் பொருள்

சுறா பிழைத்திருக்கக் காரணம் அதன் வீடு. ஒரு சிறு தீவை நம்பி இருந்தது பறவை. ஒரு பெருங்கடலின் வடபாதி முழுக்கப் பரவியிருக்கிறது சுறா. ஆழத்திலும் குளிரிலும் அதற்குப் பெரிய எதிரிகள் இல்லை. இறைச்சியிலும் நச்சுத்தன்மை உண்டு. ஐஸ்லாந்துக்காரர்கள் அதை மாதக்கணக்கில் புளிக்கவைத்து, தொங்கவிட்டு உலர்த்திய பிறகுதான் சாப்பிடுகிறார்கள். இறக்க வாய்ப்பு குறைவு என்றால் அவசரமாக வளர வேண்டியதில்லை, அவசரமாகப் பிள்ளை பெற வேண்டியதுமில்லை. அந்த நிதானம் நெடுங்காலம் அதற்கு லாபமாகவே இருந்தது.

ஆனால் கல்லீரல் எண்ணெய்க்காக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவற்றை ஏராளமாகப் பிடித்தார்கள். விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கும் அந்த எண்ணெய் தேவைப்பட்டது. இப்போது அதற்காக யாரும் தேடிப் பிடிப்பதில்லை. ஆனாலும் வேறு மீனுக்கு விரித்த வலைகளில் இன்னும் சிக்குகின்றன. 1950இல் பிடிபட்ட ஒரு பெரிய பெண் சுறாவின் இடத்தை நிரப்ப, அந்த ஆண்டில் பிறந்த குட்டி 2100ஆம் ஆண்டுவரை வளர வேண்டும். அதாவது அந்தக் காலத்து இழப்பு இன்னும் ஈடுகட்டப்படவே இல்லை. ஈடுகட்டக்கூடிய குட்டிகள் இன்னும் பருவம் எய்தவில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பேன். வேகமாகப் பெருகும் இனம் குறைந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், காடு அமைதியாகிவிடும். மெதுவாகப் பெருகும் இனம் குறைவது அப்படித் தெரியாது. வயதான உயிர்கள் நூற்றாண்டுக்கணக்கில் நடமாடிக்கொண்டிருப்பதால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். பின்னால் வரும் வரிசை காலியாக இருப்பது தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். 2020இல் கிரீன்லாந்து சுறாவை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று சர்வதேச ஒன்றியம் வகைப்படுத்தியது. 2022இல் வடமேற்கு அட்லாண்டிக் மீன்வள அமைப்பு, தன் எல்லைக்குட்பட்ட சர்வதேசக் கடலில் சிக்கும் கிரீன்லாந்து சுறாவைக் கப்பலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை விதித்தது. வலையில் சிக்கினால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். இந்தத் தடையால் எத்தனை சுறாக்கள் கூடின என்பதை, இன்று அதற்கு வாக்களித்தவர்கள் யாரும் இருந்து பார்க்கப்போவதில்லை. அப்படித் தெரிந்தும் செய்தார்களே என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஓஓவை அமெரிக்க அரசு பாதுகாக்கவேண்டிய உயிர்களின் பட்டியலிலிருந்து 2023இல் நீக்கியது. அழிந்துவிட்டது என்று முடிவுசெய்யப்பட்ட வேறு இருபது இனங்களும் கூடவே நீக்கப்பட்டன. கடைசிக் குரலுக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவே 36 ஆண்டுகள். அதே ஆண்டு மாவியின் காடுகளில் ஒரு புது முயற்சி தொடங்கியது. ஒரு பாக்டீரியாவைத் தாங்கிய ஆண் கொசுக்களை வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. காட்டில் இருக்கும் பெண் கொசுக்கள் அவற்றோடு சேர்ந்தால் இடும் முட்டைகள் பொரியாது. மிச்சமிருக்கும் பறவைகளுக்குத் தலைமுறைகள் போதவில்லை என்பதால், கொசுவின் தலைமுறையை நிறுத்திப் பார்க்கிறார்கள். வட அட்லாண்டிக்கின் ஏதோ ஓர் ஆழத்தில், 1826க்கு முன் பிறந்த சுறாக்கள் இப்போதும் நீந்திக்கொண்டிருக்கக்கூடும்.